பனியில் பதினொரு தடம்

எங்கள் பட்டறையில் பனி பெய்கிற மாதம் ஜூன். குளிர்காலத்தில் கடைக்குப் போக வேண்டிய படங்களை அப்போதுதான் செதுக்கி அச்சிடுவோம். வெளியே விடாத மழை. அந்த ஈரத்தில்தான் தாள் காய்ந்து சுருங்காமல் சொன்ன பேச்சைக் கேட்கும். உள்ளே, இடுப்பில் ஒரு முழத் துணியோடு நாலைந்து ஆண்பிள்ளைகள் வேர்த்து வழிய உட்கார்ந்து, கோயில் கூரைமேல் வெண்பனியை ஏற்றிக்கொண்டிருப்போம். ஒரு சொட்டு வேர்வை தாளில் விழுந்தால் கோயில் நாசம். அதற்காக நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக் கட்டியே எனக்கு முன்தலையில் முடி போய்விட்டது. கேட்டால், பரம்பரை வழுக்கை என்பாள் என் மனைவி ஹாத்சு. அவளுக்கு என் தொழில்மேல் மரியாதை கிடையாது.

நான் யசுகே, அச்சிடுகிறவன். இந்தக் கதை என்னைப் பற்றியது இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இது எங்கள் பட்டறையில் மரம் செதுக்குகிற தொகுஜியைப் பற்றியது. செதுக்குகிறவன் என்றதும் பெரிதாக ஏதோ நினைத்துவிட வேண்டாம். ஓவியர் வரைந்து கொடுத்த மெல்லிய தாளைச் செர்ரிமரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுச் செதுக்குவார்கள். முகம், முடி, குடை, கூரை எல்லாம் ஷோசோ மேஸ்திரியின் வேலை. மரம், வேலி, படிக்கட்டு அடுத்தவர்களுக்கு. எல்லோரும் முடித்த பிறகு, கோடுகளுக்கு நடுவே சும்மா நிற்கிற மரத்தைக் கொட்டாப்புளியும் உளியும் வைத்துத் தோண்டி எறிய ஒருவன் வேண்டும். பதினேழு வருஷமாக அந்த ஒருவன் தொகுஜி.

தோண்டிய இடத்தில் மை ஏறாது. மை ஏறாத இடம் வெறும் தாளாக நிற்கும். பனிப் படத்தில் அந்த வெறும் தாள்தான் பனி. ஆகவே பனி யாருடையது என்ற சண்டை எங்கள் பட்டறையில் மழையைப் போலவே ஓய்ந்ததில்லை.

"பனி என்னுது," என்பான் தொகுஜி. "நான் தோண்டலேன்னா எல்லாம் கறுப்பா வந்திருக்கும்."

"தோண்டிட்டா ஆச்சா? என் கை லேசா வழுக்குச்சுன்னா உன் பனி சாக்கடைடா," என்பேன் நான்.

எச்சிஸென் ஊரிலிருந்து தாள் கொண்டு வருகிற வியாபாரி வேறு, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்னப்பா, என் பனியெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு வருவான். அவனுக்கு நாங்கள் தேநீர் கொடுப்பதை நிறுத்தி வெகு நாளாகிறது.

தொகுஜி ஏன் கடைசி வரை கோடு செதுக்கப் போகவில்லை என்றால், அவன் கைக்கு நிறுத்தத் தெரியாது. எதைத் தொட்டாலும் அடிவரை சுத்தம் செய்துவிட்டுத்தான் ஓயும். பொதுக் குளியலறையில் அவனிடம் முதுகைக் காட்டியவர்கள் மறுவாரம் வேறு குளியலறைக்குப் போவார்கள். நிஜப் பனி பெய்த காலைகளில் தெருவில் ஏழு வீட்டு வாசலையும் மண் தெரியும் வரை சுரண்டிவிடுவான். ஈர மண் உறைந்து, ஏழு வீட்டுக்காரர்களும் வரிசையாக வழுக்கி விழுவார்கள். திட்டினால், "பனி கிடந்துச்சே!" என்பான், ஏதோ பாம்பு கிடந்த மாதிரி.

இவனுக்கு முப்பத்து நாலு வயதில் பெண் பார்க்கலாம் என்ற துணிச்சல் ஹாத்சுவுக்கு மட்டும்தான் வந்தது. பெண் இனே. மரத்தொட்டியும் பீப்பாயும் செய்கிற குமாகிச்சியின் இரண்டாவது மகள். இருபத்தெட்டு வயது, வாட்டசாட்டமான உடம்பு, தெருக்கோடி வரை கேட்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டே மூன்று வரன்கள் ஓடியிருந்தன. மே மாதக் கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் கூடினோம். ஆளுக்கொரு சுட்ட கானாங்கெளுத்தி மீன் வந்தது.

குமாகிச்சி ஆரம்பித்தார். "தம்பி என்ன வேலை பாக்குறீங்க?"

"பனிங்க."

"ஐஸ் வண்டியா?"

"இல்லீங்க. படத்துல வர்ற பனி." தொகுஜி மார்புத் துணிக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து விரித்தான். போன வருஷத்து வேலை: பனி மூடிய ஐந்தடுக்குக் கோபுரம்.

"அடேயப்பா! இந்தக் கோபுரம் நீங்க செதுக்கினதா?"

"அது மேஸ்திரிங்க."

"சரி, இந்த மரம்?"

"அது வேற ஆளு."

"வேலி?"

"அதுவும் வேற ஆளுதான்."

"அப்ப உங்களுது எது?"

தொகுஜி உள்ளங்கையைப் படத்துக்கு மேலே ஒரு அங்குல உயரத்தில் வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகர்த்திக் காட்டினான். "இது பூராங்க."

"அங்க ஒண்ணுமே இல்லையே."

"ஆமாங்க!" என்றான் முகம் மலர. பாராட்டு என்று நினைத்துவிட்டான் பாவி.

குமாகிச்சி சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை; நேர்மையாகவே குழம்பிப் போயிருந்தார். "யம்மா ஹாத்சு, நான் தப்பாச் சொல்லல. என் பெரிய மாப்பிள்ளை கூரைக்கு ஓடு வேயறவன். கடைக்கு எவன் வந்தாலும் வாசல்ல நின்னு, அதோ அந்தக் கூரை நம்ம மாப்பிள்ளைதுன்னு காட்டுவேன். இவரக் கட்டினா நான் எதக் காட்டறது? விரல் வெக்க ஒரு எடம் வேணாமா?"

"அப்பா," என்றாள் இனே, "அவரு மீன் சாப்பிட்டதப் பாருங்க. முள்ளு சீப்பு மாதிரி இருக்கு."

"சீப்பக் கட்டிக்கிட்டு என்னடி பண்ணுவ?"

"தல வாரிக்குவேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த மேசைக்காரர் சூப்பைக் கொட்டிக்கொண்டார். தொகுஜி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா நிற்கிற எதையும் சுரண்டித் தள்ளுகிற அந்தக் கை, முதல் தடவையாக மேசைமேல் அசையாமல் கிடந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, பையன் காலி.

குமாகிச்சி முடிவாகச் சொன்னார்: "ஒரு படம் காட்டுங்க. அதுல ஒரு நகத்தளவாவது, இது நான் செஞ்சதுன்னு இருக்கணும். கடைச் சுவத்துல மாட்டிட்டு பொண்ண அனுப்பறேன். மழைக்காலம் முடியற வரைக்கும் பாப்பேன். சுகாமோவுல ஒரு ஊறுகாய்க்காரரு கேட்டுக்கிட்டே இருக்காரு. அவருகிட்ட இருபது பீப்பாய் இருக்கு, எந்தப் பீப்பாய்ல வேணா விரல் வெக்கலாம்."

மறுநாள் தொகுஜி ஷோசோ மேஸ்திரியின் முன்னால் போய் மண்டியிட்டு, ஒரு கோடு கேட்டான். மேஸ்திரி புகைக்குழாயை வாயிலிருந்து எடுக்காமலேயே பேசுகிற மனிதர்.

"பதினேழு வருஷமா கேக்காதவன் இப்ப என்ன கோடு? யாருக்கு?"

"தொட்டிக்காரருக்கு, மேஸ்திரி."

"தொட்டிக்காரருக்கா, தொட்டிக்காரர் மகளுக்கா?"

தொகுஜி தரையைப் பார்த்தான். மேஸ்திரி புதிதாக வந்திருந்த படத்தை இழுத்துப் போட்டார். மலையடிவாரத்துக் கோயில், சிவப்பு வாசல், படம் முழுக்கப் பனி. முதுகைக் காட்டிக்கொண்டு குடையோடு ஒரு பெண் வாசலை நோக்கிப் போகிறாள். அவளுக்குப் பின்னால் அவள் மரச்செருப்பின் தடங்கள், பதினொன்று. ஒவ்வொரு தடமும் செருப்புக்கு அடியில் இருக்கிற இரண்டு மரப் பல் பதிந்த இரண்டு சின்னக் கோடு.

"கால்தடம் உன்னுது," என்றார் மேஸ்திரி. "போ, அழாத. பலகை ஈரமாகும்."

மேஸ்திரியாக இருந்தால் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் முடித்திருப்பார். தொகுஜிக்கு மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் ஒன்றரைத் தடம். கத்தியைப் பலகையில் வைத்தால் மூச்சை அடக்கிக்கொள்வான்; முகம் நாவல்பழமாகும் வரை விடமாட்டான். நாங்கள்தான் "மூச்சு விடுடா, மூச்சு விடுடா" என்று பக்கத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் பலகையில் இருபத்திரண்டு சின்னஞ்சிறு கோடுகள் நிமிர்ந்து நின்றன. வேலையை விட்டு எல்லோரும் எழுந்து போய்ப் பார்த்தோம். நல்லா இருந்தது. நானே அப்படிச் சொன்னேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை அவன் வழக்கமான வேலை மிச்சமிருந்தது. சுற்றியுள்ள பனியைத் தோண்டி எடுக்க வேண்டும். உளியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து ஹாத்சு நனைந்துகொண்டே ஓடி வந்தாள்.

"தொகுஜி! குமாகிச்சி அண்ணன் அவரே இங்க வர்றாராம். இன்னும் நாலஞ்சு நாள்ல, நல்ல அச்சு எடுக்கற அன்னிக்கே பாக்கணுமாம். இனேயும் கூட வர்றா. அவதான் இழுத்துட்டு வர்றான்னு நெனக்கிறேன்."

தொகுஜி கொட்டாப்புளியை ஓங்கினான். அதன் பிறகு மத்தியானம் வரை அவன் இருந்த மூலையில் மரத்தூள் பறந்ததே தவிர ஆள் தெரியவில்லை. சந்தோஷம் வந்தால் சிலர் பாடுவார்கள், சிலர் குடிப்பார்கள். இவன் தோண்டினான். மத்தியானம் தூளை ஊதிவிட்டு, வழக்கம்போல உள்ளங்கையால் பனியைத் தடவிப் பார்த்தான். பிசிறில்லாமல் வழவழவென்று போயிற்று. இன்னொரு தடவை தடவினான். கை அப்படியே நின்றது.

"யசுகே அண்ணே, இங்க வாங்களேன்."

"என்னடா?"

"என் தடம் எங்க?"

போய்ப் பார்த்தேன். வாசல் இருந்தது, பெண் இருந்தாள், குடை இருந்தது. அவள் பின்னால் அப்பழுக்கில்லாத பனி. பதினேழு வருஷமாகப் பனியில் எது நின்றாலும் எடுத்துப் பழகிய கை, தன்னுடையது என்று பார்க்குமா? எடுத்துவிட்டது. மூன்று நாளாக மூச்சைப் பிடித்துச் செதுக்கியதை ஒரு காலையில், அதுவும் ஆனந்தமாக.

அவன் மடியில் குவிந்திருந்த தூளைக் கிளறி, நெல் உமி அளவுக்கு ஒன்பது சில்லுகளைப் பொறுக்கினான். நான் திரும்பிப் பார்த்தபோது சோற்றுப் பசையை விரலில் தொட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ற?" என்றார் பின்னால் வந்து நின்ற மேஸ்திரி.

"ஒட்டறேன், மேஸ்திரி."

"எத?"

தொகுஜி ஒரு சில்லைக் காட்டினான். மேஸ்திரியின் வாயிலிருந்து புகைக்குழாய் விழுந்ததை அன்றுதான் நாங்கள் பார்த்தோம். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், நல்லவர் இல்லையா, "ஓவியர் கேட்டா பலகையில துண்டு வெச்சு நானே சரி பண்ணித் தர்றேன். நீ மறுபடி செதுக்கு," என்றார்.

ஓவியர் அன்று பிற்பகலே முதல் மாதிரி அச்சைப் பார்க்க வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தொகுஜி என் முதுகுக்குப் பின்னால் நின்று என் தோளைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "வாசல் சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, கொறச்சுக்குங்க," என்றார் ஓவியர். பிறகு, "பனி நல்லாப் பேஞ்சிருக்கு," என்று சொல்லி முத்திரையை வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கால்தடம் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. முத்திரை விழுந்த பிறகு பலகையில் ஒரு மயிரிழை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அது எங்கள் தொழிலில் சட்டம்.

தொகுஜி மூலையில் உட்கார்ந்துவிட்டான். சாப்பிடவில்லை. "ஊறுகாய்க்காரருக்கு எத்தன வயசிருக்கும்?" என்று ஒரு தடவை கேட்டான், அவ்வளவுதான். எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"குடைய எடுத்துக்கோ," என்றார் மேஸ்திரி. "நான் எத்தனையோ குடை செதுக்கிட்டேன். நீ செதுக்கினதுன்னு சொல்லு."

"பைன் மரம் வேணும்னா என்னுத எடுத்துக்க," என்றான் மரம் செதுக்குகிறவன்.

"வாசல் சிவப்ப நீயே போட்டதாச் சொல்லுடா, போ," என்றேன் நான். அந்தச் சிவப்பு நல்ல சிவப்பு.

அரை மணி நேரத்தில் கோயில், வாசல், மலை எல்லாம் அவன் பெயருக்கு வந்துவிட்டது. கடைசியில் குடை போதும் என்று முடிவாயிற்று. அடுத்த நாலு நாளும் "இந்தக் குடை நான் செதுக்கினதுங்க, இந்தக் குடை நான் செதுக்கினதுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே திரிந்தான்.

அவர்கள் வந்த அன்று, அப்போதுதான் அச்சிட்ட நல்ல தாள் ஒன்றை வெள்ளைத் துணிமேல் வைத்திருந்தேன். குமாகிச்சி சுத்தமான உடைதான் போட்டிருந்தார். கை மட்டும் கை. முப்பது வருஷத்துத் தேவதாருப் பிசினும் இரும்புக் கறையும் ஏறி, கட்டைவிரல் மரக்கட்டை நிறத்தில் இருந்தது. இனே அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"எது?" என்றார்.

"இந்தக் கு... குடைங்க. நான் செதுக்கினது."

குமாகிச்சி குனிந்தார். "நல்லாருக்கே! கம்பிய ஒண்ணொண்ணா எண்ணலாம் போலருக்கு. இனே, பாரு, குடையப் பாரு." மேஸ்திரி அடக்கமாக இருமினார். ஹாத்சு கண்ணை மூடிக் கையைக் கூப்பினாள். காரியம் முடிந்தது என்று நான் நெற்றித் துண்டை அவிழ்த்துக்கூட விட்டேன்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றார் குமாகிச்சி நிமிர்ந்து. "இவ்வளவு அழகாக் குடை செஞ்சுட்டு, சுத்தி எதுக்கு இத்தன எடத்த வீணாப் போட்டு வெச்சிருக்கீங்க?"

தொகுஜியின் காது சிவப்பதைப் பார்த்தேன். "வீணா?" என்றான்.

ஹாத்சு என்னைக் கிள்ளினாள். அவன் அவளுக்கு எட்டவில்லை.

"வீணாங்க? அது வீணா? குடை என்னுது இல்லீங்க, மேஸ்திரியோடது! குடைய யார் வேணா செதுக்கலாம்!" மேஸ்திரி இப்போது நிஜமாகவே இருமினார். "இது என்னுது. இது பூரா. இதுல ஒரு பிசிறு காட்டுங்க பாப்போம். பதினொரு தடம் இருந்துச்சு, உங்களுக்குக் காட்டறதுக்காகவே செதுக்கினேன். அப்பறம் நானே எடுத்துட்டேன்."

"யாரு எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. கை எடுத்துடுச்சு."

"பதினொண்ணையுமா?" என்றாள் இனே.

"பதினொண்ணையும்."

இனே சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்தாள். "அப்பா, இவரு வீட்டக் கூட்டினா எப்படி இருக்கும்! அம்மி, அடுப்பு, நானு, எதுவும் மிஞ்சாது!"

குமாகிச்சி சிரிக்கவில்லை. தொழில்காரர் இல்லையா, வேலையில் நடந்த தவறு என்றதும் அவருக்கு அது எங்கே என்று தெரிந்தாக வேண்டும். "எங்க இருந்துச்சு? இங்கயா?" என்று கட்டைவிரலைத் தாளின் நடுவில் அழுத்தினார்.

நாங்கள் தாளை ஓரத்தில் விரல் நுனியால் தொடுகிறவர்கள். அச்சிட்ட தாளின் நடுவில் ஒருவர் விரலை வைப்பார் என்பது எங்கள் கற்பனையிலேயே இல்லை. "அடுத்தது இங்க இருக்கணும். அப்பறம் இங்க." பீப்பாய்க்குப் பலகை எண்ணுகிற மனிதர், எண்ணத் தொடங்கினால் முடிக்காமல் நிறுத்தமாட்டார். "ஐயா... ஐயா..." என்றேன். எட்டு, ஒன்பது, பத்து என்று பெண்ணின் காலடி வரை போய்ப் பதினொன்றில் நிறுத்தினார்.

"யோவ்!" என்று ஒரு சத்தம். "என் பனியில கைய வெக்காதய்யா!"

தொகுஜிதான். மாமனாராகப் போகிறவரை. இனேயின் சிரிப்பு பாதியில் நின்றது. தொகுஜியின் முகத்தில் இருந்தது கோபமா, அழுகையா என்று எனக்குப் புரியவில்லை, அவனுக்கும் புரிந்திருக்காது.

குமாகிச்சி தன் கட்டைவிரலைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்ற பனியில் பதினொரு பழுப்புக் கறை வரிசையாக ஏறிப்போயிருந்தது. குனிந்து, மூக்கு படுகிற தூரத்தில் வைத்து, குடையைப் பார்த்ததைவிட நெடுநேரம் பார்த்தார்.

"இங்க ஒண்ணும் இல்லேன்னுதான் நெனச்சேன்," என்றார் மெதுவாக. "இப்பத்தான் தெரியுது, எதக் கெடுத்திருக்கேன்னு."

அவிழ்த்த துண்டால் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், ஒத்துக்கொள்கிறேன். கெட்டது என் தாள் என்பதும் ஒரு காரணம்.

"இத எனக்குக் குடுங்க, மாப்ள."

தொகுஜி மூக்கை உறிஞ்சினான். "இது வீணாப் போச்சுங்க. வேற நல்லதாத் தர்றேன்."

"நல்லதுல நான் எதக் காட்டறது?"

"அப்பா, ஊறுகாய்க்காரரு?" என்றாள் இனே.

"அவருக்குப் பீப்பாய் குடுத்தாச்சு. அது போதும்."

இலையுதிர் காலத்தில் கல்யாணம் நடந்தது. தொகுஜி இன்றும் மிச்ச மரத்தைத்தான் தோண்டுகிறான். மேஸ்திரி மறுபடி கோடு வேண்டுமா என்று கேட்டதற்கு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேண்டாம் என்றுவிட்டான். அந்தக் கெட்டுப்போன தாளை மட்டும் குமாகிச்சி கடைச் சுவரில் மாட்டியிருக்கிறார். போன வாரம் தொட்டி வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மாள் படத்தைப் பார்த்து, கால்தடம் ரொம்ப நிஜமா இருக்கே, உங்க மாப்பிள்ளை வேலையா என்று கேட்டாள்.

"சே சே, அது நான் வெச்ச அழுக்கும்மா," என்றார் குமாகிச்சி பெருமையாக. "அதச் சுத்தி இருக்கே, அதான் எங்க மாப்பிள்ளை."